அலெம்பிக்கும் ஃபேக்டரி பாயும்: ஆறு வருடம் கூடவே இருந்த பிறகு

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு மைக்ரேஷன் கோப்பை, அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோப்பை, என் பார்வைக்கு அனுப்பினார். வேலை சின்னது. உறுப்பினர் டேபிளில் ‘தொலைபேசி’ என்று இருந்த நெடுவரிசையின் பெயரைக் ‘கைபேசி’ என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாடலில் (டேபிளை விவரிக்கும் பைத்தான் நிரலில்) பெயரை மாற்றிவிட்டு, மைக்ரேஷன்களை நிர்வகிக்கும் அலெம்பிக் என்ற கருவியின் ஆட்டோஜெனரேட்டை, அதாவது கோப்பைத் தானாக எழுதும் வசதியை, ஓட்டியிருக்கிறார். அது எழுதிக் கொடுத்த கோப்பில் இரண்டே கட்டளைகள். முதலாவது, ‘கைபேசி’ என்ற நெடுவரிசையைச் சேர். இரண்டாவது, ‘தொலைபேசி’ என்ற நெடுவரிசையை நீக்கு.

“டெஸ்ட் எல்லாம் பச்சையா இருக்கு அக்கா, மெர்ஜ் பண்ணிடலாமா?” என்று கேட்டார்.

டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும். எங்கள் டெஸ்ட் ஓடும்போது முதலில் மைக்ரேஷன்கள் எல்லாம் காலி டேபிள்களின் மேல் ஓடி முடிகின்றன, அதற்கு அப்புறம்தான் தரவு உள்ளே போகிறது. காலி டேபிளில் எந்த நெடுவரிசையை நீக்கினாலும் யாருக்கும் எதுவும் போகாது. புரொடக்‌ஷனில் (நூலகங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் டேட்டாபேஸில்) அதே இரண்டு வரி ஓடியிருந்தால், எங்கள் நூலக மென்பொருளில் பதிந்திருந்த ஒவ்வோர் உறுப்பினரின் தொலைபேசி எண்ணும் போயிருக்கும். பேக்கப்பிலிருந்து தோண்டி எடுக்க ஒரு நாள் முழுக்கப் பிடித்திருக்கும்.

அலெம்பிக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இந்தக் கோப்பைப் பார்த்த அன்று எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. ஆறு வருடமாக ஒரே மென்பொருளில், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மேல், நாள் தவறாமல் இதைப் பயன்படுத்துகிறேன். கிளைகள், உறுப்பினர்கள், நூல்கள், பிரதிகள், இரவல்கள், அபராதங்கள் என்று டேபிள்கள். கூடவே டெஸ்ட் தரவை உருவாக்க ஃபேக்டரி பாய் என்ற கருவி. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பேசியதால்தான் நாங்கள் பட்ட அடிகளில் பாதி.

அலெம்பிக் என்றால் வாலை. சித்த மருந்து செய்கிறவர்கள் தைலம் வடிக்கும் அந்தப் பாத்திரம்தான். எஸ்கியூஎல்அல்கெமி என்று ரசவாதத்தின் பெயரை, டேட்டாபேஸோடு பேசும் தன் பைத்தான் நிரல் நூலகத்துக்கு வைத்த மைக் பேயரே இதையும் எழுதினார் என்பதால் பெயர்ப் பொருத்தம் சரியாக இருக்கிறது. 2011 முதல் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. டேட்டாபேஸ் அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பைத்தான் கோப்பு. அதில் மேலே போக ஒரு ஃபங்ஷன், திரும்பி வர ஒரு ஃபங்ஷன். ஒவ்வொரு கோப்புக்கும் 12 எழுத்தில் ஒரு அடையாளம், அதோடு ‘எனக்கு முன்னால் வந்தவர் இவர்’ என்று ஒரு வரி. டேட்டாபேஸுக்குள் ஒரு குட்டி டேபிள் இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு பதிவு: இந்த டேட்டாபேஸ் இப்போது எந்த ரிவிஷனில் (எந்தக் கோப்பின் நிலையில்) நிற்கிறது என்பது. ‘ஹெட் வரை ஏற்று’ என்று சொன்னால் நிற்கும் இடத்திலிருந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போகும்.

இது வருவதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரு கோப்புறையும் ஒரு பட்டியலும். கோப்புறையில் எஸ்கியூஎல் கோப்புகள், பட்டியலில் எந்தக் கோப்பு எந்த சர்வரில் ஓடியது என்ற குறிப்பு. பட்டியலை நிரப்ப மறந்த நாள்தான் எப்போதும் பிரச்சினையான நாள். அலெம்பிக்குக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி, அந்தப் பட்டியலை அழித்தது. டேட்டாபேஸே தன் வயதைச் சொல்கிறது.

இதே வேலைக்கான ஃப்ளைவே என்ற கருவியில் வரிசை கோப்பின் பெயரிலேயே இருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. ரெயில்ஸ் என்ற ரூபி கட்டமைப்பில் நேர முத்திரை. அலெம்பிக்கில் சங்கிலி. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சங்கிலி முதலில் எரிச்சலாக இருக்கும். இரண்டு பேர் தனித்தனி பிராஞ்சில் (நிரலின் தனி நகலில்), ஒரே ரிவிஷனுக்கு அடுத்ததாக ஆளுக்கொரு மைக்ரேஷன் எழுதி, இரண்டும் மெர்ஜ் ஆனால் (ஒன்றாகச் சேர்ந்தால்), சங்கிலிக்கு இரண்டு தலை முளைத்துவிடும். அலெம்பிக் உடனே நின்றுவிடும்: ஒன்றுக்கு மேற்பட்ட ஹெட் இருக்கிறது, எது வேண்டும் சொல் என்று கேட்கும். எனக்கு இந்த நிறுத்தம் பிடிக்கும். நானும் நீங்களும் ஒரே டேபிளை ஒரே வாரத்தில் தொட்டிருக்கிறோம், ஒரு நிமிடம் பேசிக்கொள்வோம் என்று அது சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்க்க மெர்ஜ் கட்டளை உண்டு. ஆனால் இன்னும் எந்த சர்வருக்கும் போகாத கோப்பாக இருந்தால், அதன் ‘எனக்கு முன்னால்’ வரியைத் திருத்தி, மற்றதன் பின்னால் நிறுத்துவதே எங்கள் வழக்கம். வரலாறு நேர்கோடாக இருந்தால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு நல்லது.

இப்போது ஆட்டோஜெனரேட். அலெம்பிக்கைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். மாடலையும் உயிரோடு இருக்கும் டேட்டாபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைக் கோப்பாக எழுதித் தரும். டேபிள் சேர்ந்தது, நீங்கியது, நெடுவரிசை சேர்ந்தது, நீங்கியது, காலியாக இருக்கலாமா கூடாதா என்ற மாற்றம், இண்டெக்ஸ், ஃபாரின் கீ எல்லாம் பார்க்கும். 1.12 முதல் நெடுவரிசையின் வகை மாறியதையும் தானாகவே கவனிக்கிறது. அதற்கு முன் அந்த ஒப்பீட்டை நாம்தான் இயக்க வேண்டும். அது தெரியாமல், 50 எழுத்து 100 எழுத்தாக மாறியது கோப்பில் வராமலே போன அனுபவம் எங்களுக்கு உண்டு.

பெயர் மாற்றம் அதன் கண்ணுக்குத் தெரியாது. தெரியவும் முடியாது. மாடலில் ஒன்று இல்லை, டேட்டாபேஸில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று எதை வைத்து ஊகிக்கும்? இது ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. தனக்கென மைக்ரேஷன் வசதி கொண்ட ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பு இந்த இடத்தில் “பெயரை மாற்றினீர்களா?” என்று நம்மிடமே கேட்கும். அது நல்ல பழக்கம். அலெம்பிக் கேட்காது. எழுதித் தருவது வரைவு, படித்துத் திருத்து என்பதுதான் அதன் பேச்சு. புதிதாக உருவாகும் ஒவ்வொரு கோப்பிலும் ‘தயவுசெய்து சரிபார்த்துத் திருத்தவும்’ என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு வரியே வரும். எங்கள் குழுவில் அந்தக் குறிப்பைக் கையால் நீக்கினால்தான் மதிப்பாய்வுக்கு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறோம். நீக்கியவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம். தம்பி அனுப்பிய கோப்பில் அந்த வரி அப்படியே இருந்தது.

பெயர் வைக்காத கான்ஸ்ட்ரெயின்ட் (தரவுக்கு டேபிள் விதிக்கும் கட்டுப்பாடு) இன்னொரு குழி. நாம் பெயர் கொடுக்காவிட்டால் டேட்டாபேஸே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். பின்னால் அதை நீக்கப் போகும்போது, என்ன பெயர் என்று நமக்கும் தெரியாது, அலெம்பிக்குக்கும் தெரியாது. முதல் நாளே மெட்டாடேட்டாவில் பெயரிடும் முறையை எழுதி வைத்துவிடுங்கள். பத்து வரிதான். நாங்கள் இரண்டு வருடம் கழித்துச் செய்தோம். பழைய கான்ஸ்ட்ரெயின்ட்களுக்குப் பெயர் மாற்றவே ஒரு தனி மைக்ரேஷன் தேவைப்பட்டது, அதை எழுத மூன்று நாள் ஆனது.

ஈனம் (enum) வகை, அதாவது முன்பே பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை, இன்னும் கொஞ்சம் ஆழமான குழி. இரவலின் நிலைக்கு ‘தொலைந்தது’ என்று ஒரு புது மதிப்பு சேர்க்க வேண்டியிருந்தது. பைத்தானில் ஈனத்தில் சேர்த்தால் ஆட்டோஜெனரேட் அதைக் கவனிக்காது, காலிக் கோப்புதான் வரும். சரி என்று கையால் எழுதினேன். அடுத்த கோப்பில், பழைய இரவல்கள் சிலவற்றை அந்தப் புது நிலைக்கு மாற்றும் அப்டேட். என் கணினியில் இரண்டும் அழகாக ஓடின. ஒத்திகை சர்வரான ஸ்டேஜிங்கில் இரண்டாவது விழுந்தது. காரணம் இதுதான்: என் கணினியில் முதல் கோப்பை முந்தின நாளே ஓட்டியிருந்தேன். ஸ்டேஜிங்கில் இரண்டும் ஒரே மூச்சில் ஓடின. போஸ்ட்கிரெஸில் அலெம்பிக் வழக்கமாக ஓர் ஏற்றத்தில் இருக்கும் எல்லா ரிவிஷனையும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கும். ஈனத்தில் புதிதாகச் சேர்த்த மதிப்பை, சேர்த்த அதே டிரான்சாக்‌ஷனில் பயன்படுத்த போஸ்ட்கிரெஸ் அனுமதிக்காது. ஒவ்வொரு ரிவிஷனுக்கும் தனி டிரான்சாக்‌ஷன் என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதை அன்று இயக்கினோம், இன்று வரை அப்படியே இருக்கிறது.

இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே டிரான்சாக்‌ஷன் என்பது பெரிய பாதுகாப்பு. பாதியில் ஒன்று விழுந்தால் எதுவுமே நடக்காதது போல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி கிடையாது, அங்கே டேபிளை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் தானே கமிட் ஆகிவிடும் (உறுதியாகிவிடும்). பாதி ஏறிய நிலையில் நின்றால் கையால்தான் சரிசெய்ய வேண்டும். எஸ்கியூலைட்டில் நிலைமை வேறு, டேபிளை மாற்றும் கட்டளைகளே அங்கே குறைவு. அதற்காக அலெம்பிக் ‘பேட்ச்’ முறை ஒன்றை வைத்திருக்கிறது: புது டேபிள் உருவாக்கி, தரவை நகலெடுத்து, பழையதை நீக்கி, பெயரை மாற்றிக்கொள்ளும். சின்ன டேபிளுக்குச் சரி.

அலெம்பிக் நம்மைக் காப்பாற்றாத ஓர் இடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேபிளை மாற்றும் பெரும்பாலான கட்டளைகளுக்குப் போஸ்ட்கிரெஸில் முழு லாக் (டேபிளின் மேல் பூட்டு) தேவை. ஒருமுறை, இரவல் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்கும் மைக்ரேஷனைப் பட்டப்பகலில் ஓட்டினோம். சேர்ப்பது மில்லிசெகண்ட் வேலை. போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறாத இயல்பு மதிப்போடு சேர்த்தாலும் டேபிளைத் திரும்ப எழுதாது. ஆனால் அந்த நேரத்தில் அதே டேபிளில் ஒரு மாதாந்திர அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டளை அந்த அறிக்கை முடியக் காத்து நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு சாதாரண கேள்வியும் எங்கள் கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நான்கு நிமிடம் எந்த நூலகத்திலும் ஒரு நூலைக்கூட இரவல் தர முடியவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் மைக்ரேஷன் ஒவ்வொன்றும் லாக்குக்காக 3 விநாடிதான் காத்திருக்கும், கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் பிறகு முயலும். சூழல் கோப்பில் ஒரே ஒரு வரி. அலெம்பிக் இதைத் தானாகச் செய்யாது, நாம்தான் எழுத வேண்டும். பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடுவதும் அப்படியே: எழுதுவதைத் தடுக்காமல் போடும் முறை போஸ்ட்கிரெஸில் உண்டு, ஆனால் அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. அதற்காக ஆட்டோகமிட் பிளாக் என்ற ஒன்றை அலெம்பிக் தருகிறது, நன்றாகவே வேலை செய்கிறது.

இனி டெஸ்ட் தரவு.

முதல் இரண்டு வருடம் எங்களிடம் ஒரு பெரிய ஜேசன் கோப்பு (தரவை எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) இருந்தது. யாரோ ஒரு நாள் டெமோ டேட்டாபேஸை அப்படியே இறக்கி வைத்தது. எல்லா டெஸ்டும் அதை ஏற்றிக்கொண்டுதான் தொடங்கும். ‘உறுப்பினர் 7க்கு இரண்டு அபராதம் இருக்க வேண்டும்’ என்று ஒரு டெஸ்ட் சொல்லும். ஏன் 7, ஏன் இரண்டு என்று டெஸ்டைப் படித்தால் தெரியாது. கோப்பைத் திறந்து ஆயிரக்கணக்கான வரிகளில் தேட வேண்டும். ஒருவர் தன் டெஸ்டுக்காக உறுப்பினர் 7க்கு இன்னோர் அபராதம் சேர்த்தால், சம்பந்தமே இல்லாத நான்கு டெஸ்ட்கள் விழும். காலியாக இருக்கக் கூடாத நெடுவரிசை ஒன்றைச் சேர்த்தால் கோப்பில் எல்லாப் பதிவையும் திருத்த வேண்டும். இதனாலேயே, சேர்க்க வேண்டிய நெடுவரிசையைச் சேர்க்காமல் தள்ளிப்போட்ட நாட்களும் உண்டு. அதுதான் என்னை மிகவும் உறுத்தியது. டெஸ்ட் தரவுக் கோப்பு ஒன்று, டேபிள் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு தொந்தரவு அடையாள எண்கள். கோப்பிலிருந்து 1 முதல் 60 வரை நாமே எண் கொடுத்துப் பதிவுகளை உள்ளே போட்டால், அடுத்த எண்ணைத் தரும் போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. அடுத்து டெஸ்ட் தானாக ஒரு பதிவைச் சேர்க்கப் போனால், சீக்வென்ஸ் 1 என்று கொடுக்கும், ஏற்கெனவே இருக்கிறது என்று விழும். ஏற்றியதும் ஒவ்வொரு சீக்வென்ஸையும் உயர்ந்த எண்ணுக்குத் தள்ளிவிட வேண்டும். முதல் தடவை இதைப் பார்க்கிறவர் அரை நாள் தொலைப்பார்.

ஃபேக்டரி பாய்க்கு மாறியது எங்கள் டெஸ்ட்களைப் படிக்கும்படி செய்தது. ரூபி மொழியில் இருக்கும் ஃபேக்டரி நிரல் நூலகத்தைப் பார்த்துப் பைத்தானுக்காக எழுதியது இது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஃபேக்டரி, அதில் நியாயமான இயல்பு மதிப்புகள். டெஸ்டில் நமக்கு முக்கியமானதை மட்டும் சொன்னால் போதும். ‘திருப்ப வேண்டிய தேதி மூன்று நாள் முன்பே முடிந்த ஓர் இரவல்’ என்று ஒரே வரி. அதற்கு வேண்டிய உறுப்பினர், நூல், பிரதி, கிளை எல்லாம் பின்னால் தானாக உருவாகும். புதிதாக ஒரு நெடுவரிசை வந்தால் ஃபேக்டரியில் ஒரு வரி, முடிந்தது. ஜேசன் கோப்பைத் துண்டு துண்டாக நீக்கி முடிக்க ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு டெஸ்டாகத்தான் மாற்றினோம்.

ஆனால் ‘தானாக உருவாகும்’ என்ற அந்தச் சொல்லில்தான் கவனம் வேண்டும். இரவல் ஃபேக்டரி ஓர் உறுப்பினரை உருவாக்கும், உறுப்பினர் ஃபேக்டரி ஒரு கிளையை உருவாக்கும். அதே இரவல் ஃபேக்டரி ஒரு பிரதியையும் உருவாக்கும், பிரதி ஃபேக்டரி இன்னொரு கிளையை உருவாக்கும். ஆக, ஒரு கிளையின் உறுப்பினர் வேறொரு கிளையின் நூலை இரவல் எடுத்திருக்கிறார். எங்கள் மென்பொருளில் அப்படி எடுப்பதற்குத் தனி விதி உண்டு, தவணை நாட்களே வேறு. ஓராண்டு காலம் எங்கள் அபராதக் கணக்கு டெஸ்ட்கள் எல்லாம், எங்களுக்கே தெரியாமல், அந்த அபூர்வமான வழியை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தன. சாதாரண வழியில் இருந்த ஒரு நாள் பிசகு யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நூலகர் கையால் கூட்டிப் பார்த்துச் சொன்னார். தீர்வு சுலபம்: பிரதியின் கிளை உறுப்பினரின் கிளையே என்று ஃபேக்டரியில் எழுதலாம், செல்ஃப் ஆட்ரிபியூட்டில் மேலே இருப்பவரைப் புள்ளி வைத்துச் சுட்டும் வசதி இருக்கிறது. ஃபேக்டரி எழுதும்போது, உருவாகும் பொருட்கள் ஒன்றுக்கொன்று உறவா என்று ஒருமுறை டேட்டாபேஸைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லா டெஸ்டும் அதன் மேல்தான் நிற்கப் போகிறது.

தற்செயலான பெயர், முகவரி தரும் வசதியும் உண்டு. டெஸ்ட் எதைச் சரிபார்க்கிறதோ அந்த மதிப்பை மட்டும் தற்செயலுக்கு விடாதீர்கள். மற்றபடி தாராளமாக.

அலெம்பிக்கும் ஃபேக்டரியும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன். டெஸ்டுக்கான டேட்டாபேஸை எப்படி உருவாக்குவது? எஸ்கியூஎல்அல்கெமியில் ஒரே கட்டளையில், மாடல்களைப் பார்த்து எல்லா டேபிளையும் உருவாக்கிவிடலாம். வேகமானது, இணையத்தில் பல பாடங்கள் அப்படித்தான் கற்றுத் தருகின்றன. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஒரு பிரதியை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு இரவல் தரக் கூடாது என்பதற்காக, ‘திரும்பி வராத இரவல் ஒரு பிரதிக்கு ஒன்றுதான்’ என்ற பகுதி இண்டெக்ஸ் ஒன்றை மைக்ரேஷனில் நேரடி எஸ்கியூஎல்லாக எழுதியிருந்தோம். மாடலில் எழுதவில்லை. புரொடக்‌ஷனில் அந்தக் காவல் இருந்தது, டெஸ்டில் இல்லை. மொத்தமாக இரவல் தரும் ஒரு புது வசதி டெஸ்டில் பச்சையாக வந்து, முதல் நாளே புரொடக்‌ஷனில் விழுந்தது. அதே பிரதியை இரண்டு தடவை பதிய முயன்றிருக்கிறது, இண்டெக்ஸ் தடுத்திருக்கிறது. இண்டெக்ஸுக்கு நன்றி சொன்னேன்.

புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் எந்த வழியாகப் பிறந்ததோ அதே வழியாகத்தான் டெஸ்ட் டேட்டாபேஸும் பிறக்க வேண்டும். இதை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் டெஸ்ட் இப்போது காலி டேட்டாபேஸில் முதல் ரிவிஷனிலிருந்து ஹெட் வரை ஏறுகிறது. 180க்கு மேல் கோப்புகள் இருப்பதால் ஏறி முடிக்க அரை நிமிடம் ஆகும். அதைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. ஒரு டேட்டாபேஸை மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் போஸ்ட்கிரெஸின் டெம்ப்ளேட் வசதியால் நகலெடுக்கிறோம். இணையாக ஓடும் எட்டு டெஸ்ட் வேலையாட்களுக்கும் ஆளுக்கொரு நகல். நகலெடுக்கும் நேரத்தில் மூலத்தில் வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது, இணைப்பை மூடிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு டெஸ்டும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடி, முடிந்ததும் ரோல்பேக், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நிரலுக்குள் கமிட் வந்தாலும், இடையில் வைக்கும் குறியான சேவ்பாயின்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். எஸ்கியூஎல்அல்கெமி 2.0 இதற்கென்றே செஷனில் ஓர் அமைப்பைத் தந்திருக்கிறது. சீக்வென்ஸ் மட்டும் ரோல்பேக்கில் பின்னால் போகாது, அதனால் அடையாள எண் 1 என்று எந்த டெஸ்டிலும் எதிர்பார்க்கக் கூடாது.

எந்தத் தரவு மைக்ரேஷனில், எந்தத் தரவு ஃபேக்டரியில் என்ற கேள்வி அடிக்கடி வரும். உறுப்பினர் வகைகள் மாதிரி, அது இல்லாமல் மென்பொருளே ஓடாது என்றால் மைக்ரேஷனில். டெஸ்டுக்கு மட்டும் வேண்டியது ஒரு வரிகூட மைக்ரேஷனுக்குள் போகக் கூடாது.

தரவை மாற்றும் மைக்ரேஷனில் இன்றைய மாடல்களை இம்போர்ட் செய்யாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். இன்றைய மாடலுக்கு, அடுத்த வருடம் ஒரு புது நெடுவரிசை வரும். அப்போது காலி டேட்டாபேஸில் முதலிலிருந்து ஏறினால், அந்தப் பழைய மைக்ரேஷன் இன்னும் பிறக்காத நெடுவரிசையைக் கேட்டு விழும். ஜாங்கோ, அந்தக் காலத்து மாடலை அப்படியே மீட்டுக் கையில் கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஜாங்கோ ஒரு படி மேல். அலெம்பிக்கில், வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் வைத்து ஒரு சின்ன டேபிள் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து வரி கூடுதல். எழுதிவிடுங்கள்.

மற்ற மனக்குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய ரிவிஷன்களைச் சுருக்கி ஒன்றாக்கும் கட்டளை அலெம்பிக்கில் உள்ளமைந்து வரவில்லை, ஜாங்கோவில் இருக்கிறது. பிராஞ்ச் மாறும்போது ‘இந்த ரிவிஷனைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற பிழை வரும். டேட்டாபேஸ் முந்தைய பிராஞ்சின் ரிவிஷனில் நிற்கிறது, கோப்பு இந்த பிராஞ்சில் இல்லை என்று அர்த்தம், ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்து ஒரு புதியவர் அதை ஊகிக்க வழியில்லை. கோப்பின் பெயர் இயல்பாகவே அடையாள எழுத்துகளில் தொடங்குவதால் கோப்புறையைத் திறந்தால் எது முதலில் எது பின்னால் என்று தெரியாது. அமைப்புக் கோப்பில் தேதி முதலில் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பி இறங்கும் ஃபங்ஷனையும் ஆட்டோஜெனரேட் எழுதித் தருகிறது என்பதால் பலர் அதை நம்புகிறார்கள். நீக்கிய நெடுவரிசையை அது திரும்பச் சேர்க்கும், உள்ளே இருந்த தரவை அல்ல. இறங்குவதை நாங்கள் எங்கள் கணினிகளில் மட்டும் பயன்படுத்துகிறோம். புரொடக்‌ஷனில் தவறு நடந்தால் அதைத் திருத்தும் புது மைக்ரேஷன் எழுதி முன்னால்தான் போகிறோம்.

1.9இல் வந்த செக் கட்டளைக்காக அதை எழுதியவர்களுக்குக் கைகொடுக்க ஆசை. மாடலுக்கும் டேட்டாபேஸுக்கும் ஆட்டோஜெனரேட் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் பிழையோடு நின்றுவிடும். சிஐயில், அதாவது நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனைகளில், போட்டு வைத்தால், மாடலை மாற்றிவிட்டு மைக்ரேஷன் எழுத மறக்கும் பேச்சே பெரும்பாலும் இல்லை. பைடெஸ்ட் அலெம்பிக் என்ற தனி நிரல் நூலகம் இன்னும் சில சோதனைகளைத் தரும்: ஒரே ஹெட்தானா, முழுக்க ஏறுகிறதா, இறங்கி ஏறுகிறதா என்று. பத்து நிமிடத்தில் சேர்த்துவிடலாம்.

எஸ்கியூஎல்அல்கெமி பயன்படுத்துகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அலெம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாங்கோ என்றால் அதிலேயே இருப்பது போதும், விட்டு வராதீர்கள். எனக்கு இது ஐந்துக்கு நாலரை. பெயர் மாற்றத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முழு ஐந்தும் கொடுத்திருப்பேன். ஃபேக்டரி பாய்க்கு நான்கு.

தம்பியின் கோப்பு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அன்று மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்து, அந்த மைக்ரேஷனுக்கு ஒரு டெஸ்ட் எழுதினோம். முந்தின ரிவிஷன் வரை மட்டும் ஏறு, மூன்று உறுப்பினர்களை எண்ணோடு உள்ளே போடு, இப்போது இந்த ஒரு ரிவிஷனை ஏற்று, மூன்று எண்ணும் இருக்கிறதா பார். உறுப்பினர்களை உருவாக்க அவர் ஃபேக்டரியை அழைத்தார், உடனே விழுந்தது. ஃபேக்டரிக்கு இன்றைய மாடல்தான் தெரியும், டேபிளோ நேற்றைய நிலையில் நிற்கிறது. அதனால் நேரடி எஸ்கியூஎல்லில் சேர்த்தோம். பழைய மைக்ரேஷன் கோப்போடு ஓட்டினோம், டெஸ்ட் சிவந்தது: மூன்று எண்ணும் காலி. அவர் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெயரை மாற்று என்று ஒரே கட்டளை எழுதினால் தரவு பிழைக்கும். ஆனால் டிப்ளாய் (புது நிரலை சர்வரில் ஏற்றுவது) நடக்கும் சில நிமிடங்களில் பழைய நிரலும் ஓடிக்கொண்டிருக்கும், அது ‘தொலைபேசி’யைத் தேடி விழும். ஆகவே மூன்றாகப் பிரித்தோம். முதல் ரிவிஷன் ‘கைபேசி’யைச் சேர்க்கும், நிரல் இரண்டிலும் எழுதும். இரண்டாவது, பழைய எண்களை ஐயாயிரம் ஐயாயிரமாக நகலெடுக்கும். மூன்றாவது பழைய நெடுவரிசையை நீக்கும். முதல் இரண்டும் போய்விட்டன, எண்கள் எல்லாம் பத்திரம். மூன்றாவது இன்னும் மெர்ஜ் ஆகவில்லை. வாராந்திர அறிக்கை ஒன்று இன்னும் ‘தொலைபேசி’யைத்தான் படிக்கிறது என்று தம்பியே நேற்று கண்டுபிடித்துச் சொன்னார். அதை மாற்றிய பிறகு பார்ப்போம்.